கை லைட் மீட்டர்: எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் திருப்புவது

மணவறையில் வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளையும் அரக்கு நிறப் பட்டு உடுத்திய பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் மேலும் விழுவது ஒரே வெளிச்சம்தான். ஆனால் கேமராவை ஆட்டோவில் விட்டு மாப்பிள்ளையை மட்டும் நெருக்கமாக எடுத்தால் வேட்டி அழுக்கு வெள்ளையாகி, முகம் கறுத்துப்போய் வருகிறது. அப்படியே திரும்பிப் பெண்ணை மட்டும் எடுத்தால் அரக்கு வெளிறி, ஜரிகை விவரமே இல்லாத வெள்ளைக் கோடாகி விடுகிறது. கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. அதற்குள் இருக்கும் மீட்டர், பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. எதைப் பார்த்தாலும் அது சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து, காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்துப் பார்த்து இந்தக் கணக்கை ஓரளவு சரிக்கட்டுகின்றன, ஆனாலும் வேட்டியும் பட்டும் அவற்றை இன்னும் குழப்பத்தான் செய்கின்றன. பழைய ஃபிலிம் கேமராவில் சரிக்கட்டவும் வழியில்லை.

கையில் பிடிக்கும் லைட் மீட்டர் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போவதில்லை. அதன் தலையில் இருக்கும் வெள்ளை டோம், ஆளின் மேல் விழுகிற வெளிச்சத்தை அளக்கிறது. இதைத்தான் இன்சிடென்ட் ரீடிங் என்கிறோம். விழுகிற வெளிச்சத்துக்கு வேட்டியும் தெரியாது, பட்டும் தெரியாது, தோலின் நிறமும் தெரியாது. அந்த அளவை கேமராவில் வைத்துவிட்டால் வெள்ளை வெள்ளையாக, அரக்கு அரக்காக, மாநிறம் மாநிறமாக, கறுப்பு கறுப்பாக, அதனதன் இடத்தில் உட்காரும். நம் ஊர் முகங்களை எடுக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கருத்த முகத்தைத் தேவையில்லாமல் வெளுக்க வைப்பதும், பக்கத்தில் வெள்ளைச் சட்டை நின்றது என்பதற்காக அதே முகத்தை இருட்டில் தள்ளுவதும், இரண்டுமே அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டிஜிட்டலில் இயற்கை வெளிச்சத்தில் மட்டும் எடுக்கிறவர் படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தே சமாளித்துக்கொள்ளலாம், அவர் உடனே போய் மீட்டர் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஃபிலிமில் எடுக்கிறவர், இரண்டு மூன்று ஃப்ளாஷ் வைத்து வேலை செய்கிறவர், வீடியோவில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் வெளிச்சம் ஒத்துப்போக வேண்டியவர், இந்த மூன்று பேருக்கும் இது அன்றாடக் கருவி. கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் ஷூட்டிங் பார்த்தவர்களுக்கு, கேமராமேனோ அவருடைய உதவியாளரோ நடிகரின் முகவாய்க்கு அருகில் மீட்டரைக் கொண்டுபோய்ப் பிடிப்பது பழகிய காட்சியாக இருக்கும். அவர்கள் ஏன் அங்கே பிடிக்கிறார்கள், டோம் ஏன் கேமராவைப் பார்த்து இருக்கிறது என்பது புரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

அளவெடுக்கும் முறை

மீட்டரை எடுத்ததும் முதலில் ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமோ சென்சாரோ வெளிச்சத்தை எவ்வளவு சுலபமாக வாங்கும் என்பதைச் சொல்லும் எண். ஃபிலிம் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணையே வையுங்கள். கலர் நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் நிழல் பகுதிகள் சேறாகிவிடும். அதனால் கோடக் போர்ட்ரா 400 ஃபிலிமை 200 என்று வைத்து எடுப்பவர்கள் நிறையப் பேர், நானும் அந்தக் கட்சிதான். எக்டாக்ரோம் மாதிரி, நெகட்டிவ் ஆகாமல் நேரடியாகப் படமே வரும் ஸ்லைடு ஃபிலிமில் இந்தத் தாராளம் கூடாது, அங்கே போட்டிருக்கும் எண் போட்டபடியே.

அடுத்து ஷட்டர் ஸ்பீடை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, நீங்களே முடிவு செய்து மீட்டரில் வையுங்கள், லென்ஸின் துளை அளவான அபெர்ச்சரை அது சொல்லட்டும் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும்). நடமாடும் ஆட்களை எடுக்கிறீர்கள் என்றால் 1/250, நின்றுகொண்டிருப்பவர் என்றால் 1/125 போதும். பல மீட்டர்களில் அபெர்ச்சரை நீங்கள் வைத்து ஷட்டரை அது சொல்லும்படியும் மாற்றலாம், எது பழக்கமோ அது. அப்புறம் டோம் சரியாக இடத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். செகோனிக் எல்-308 வகை மீட்டர்களில் டோமைப் பக்கவாட்டில் நகர்த்தி இன்சிடென்ட், ரிஃப்ளெக்டிவ் (திரும்பி வரும் வெளிச்சத்தை அளப்பது) இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம், பையில் போட்டு எடுக்கும்போது அது பாதியில் நகர்ந்து நிற்கும். பாதி நகர்ந்த டோமில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

இப்போது ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். முகம் எங்கே இருக்கப் போகிறதோ அங்கே மீட்டரைக் கொண்டுபோய், டோமை கேமரா நிற்கும் இடத்தை நோக்கித் திருப்பிப் பட்டனை அமுக்குங்கள். வெளிச்சம் வரும் திசையை நோக்கி அல்ல, கேமராவை நோக்கி. புதிதாக மீட்டர் வாங்கியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். டோம் அரைக்கோளமாக இருப்பதற்கே காரணம் இதுதான்: முகமும் தட்டையான பொருள் இல்லை, ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னத்தில் நிழல், நெற்றியில் ஒரு அளவு, மூக்கின் அடியில் ஒரு அளவு. கேமராவுக்குத் தெரியும் அந்தப் பாதி முகத்தின் மேல் எல்லாப் பக்கத்திலிருந்தும் விழும் வெளிச்சத்தை டோமும் அதே மாதிரி வாங்கிக் கலந்து ஒரே எண்ணாகச் சொல்கிறது. டான் நார்வுட் என்ற அமெரிக்கர் 1930களின் கடைசியில் இந்த அரைக்கோள யோசனையைக் கொண்டுவந்தார். அவருடைய நார்வுட் டைரக்டர் மீட்டரின் வழியில் வந்ததுதான் பேட்டரியே இல்லாமல் முள் ஆடும் செகோனிக் எல்-398. டோமை வெளிச்சத்தை நோக்கியே திருப்பிவிட்டால் பிரகாசமான பக்கம் மட்டும் கணக்கில் வந்து, நிழல் பக்கம் எதிர்பார்த்ததைவிடக் கறுத்துவிடும். சில சமயம் அது வேண்டுமென்றே செய்வது, அதைக் கீழே சொல்கிறேன்.

அளக்கும்போது உங்கள் தலையின் நிழல் டோமில் விழக் கூடாது, உங்கள் வெள்ளைச் சட்டையிலிருந்து தெறிக்கும் வெளிச்சமும் விழக் கூடாது. கையை நன்றாக நீட்டி, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரியவர் என்றால், “ஐயா, வெளிச்சம் பார்த்துக்கிறேன், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு மீட்டரை முகத்தருகே கொண்டுபோங்கள், சொல்லாமல் நீட்டினால் எல்லோரும் பின்னால் சாய்ந்து நெளிகிறார்கள், அந்த நெளிவு படத்திலும் தங்கிவிடுகிறது.

திரையில் தெரியும் எண்ணைப் படிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. 5.6 என்று பெரிதாகவும் அதற்குப் பக்கத்தில் சின்னதாக 7 என்றும் காட்டினால் அது 5.67 அல்ல. ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும் ஒரு படி. எஃப் 5.6லிருந்து எஃப் 8 வரை போகும் ஒரு முழு ஸ்டாப்பைப் பத்தாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு என்று அர்த்தம். டிஜிட்டல் கேமராவில் எஃப் 7.1 வைக்கலாம், பழைய லென்ஸில் அபெர்ச்சர் வளையத்தை 5.6க்கும் 8க்கும் நடுவில், 8க்குச் சற்றே நெருக்கி வைத்தால் போதும். கேமரா, எண்களை நாமே வைக்கும் மேனுவல் மோடில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சென்னை வெயிலில்

வெயில் எல்லோருக்கும் ஒரே தூரத்திலிருந்து வருகிறது, அதனால் திறந்த வெளியில் ஆள் நிற்கும் இடம் வரை நடக்க வேண்டியதில்லை. பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பல்லக்கு வரை போய் அளக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பல்லக்கு மேல் விழும் வெயில் உங்கள் மேலும் விழுகிறது என்றால், நின்ற இடத்திலேயே, பல்லக்கிலிருந்து கேமராவைப் பார்க்கும் திசை எதுவோ அந்தத் திசைக்கு டோமைத் திருப்பிப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், அதாவது முதுகைப் பல்லக்குக்குக் காட்டி நிற்பது மாதிரி. பிறகு கட்டடத்தின் நிழலிலோ தண்ணீர்ப் பந்தலின் கீழோ ஒரு அளவு. பொதுவாக வெயிலுக்கும் திறந்த நிழலுக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் வரும். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மீட்டரைப் பையில் போட்டுவிட்டு முகங்களைக் கவனிக்கலாம். ஆள் வெயிலில் நிற்கிறாரா, நிழலிலா என்பது மட்டும்தான் கேள்வி.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், உச்சி வெயில். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அபெர்ச்சர் எஃப் 16 என்ற பழைய வெயில் கணக்கு எல்லோருக்கும் தெரியும், அது வெயில் ஆளின் முன்பக்கம் விழும்போது பொருந்துவது. பன்னிரண்டு மணி வெயிலில் டோமை கேமராவை நோக்கிப் பிடித்தால் டோமின் மேல் பாதியில்தான் வெயில் படும், மீட்டர் எஃப் 11க்குப் பக்கத்தில் காட்டும், அதாவது ஒரு ஸ்டாப் திறக்கச் சொல்லும். அது சரியாகத்தான் சொல்கிறது. முகத்தின் பெரும்பகுதி நிழலில் இருக்கிறது, கண்குழி கறுத்துக் கிடக்கிறது. ஆனால் அப்படித் திறந்தால் நெற்றியும் மூக்கு நுனியும் தலைமுடியின் மேற்பகுதியும் வெளுக்கும். நெகட்டிவ் ஃபிலிமில் மீட்டர் சொன்னபடி திறந்து எடுங்கள், ஃபிலிம் தாங்கும். டிஜிட்டலிலும் ஸ்லைடிலும் நான் அரை ஸ்டாப் குறைத்துக்கொள்வேன். இன்னும் நல்ல வழி, ஆளை நான்கு அடி நகர்த்தி ஒரு வேப்ப மரத்தின் கீழ் நிறுத்திவிட்டு மறுபடி அளப்பது. மரத்தடியில் இலை இடுக்கில் வெயில் புள்ளி புள்ளியாக விழும், டோம் அந்தப் புள்ளி ஒன்றுக்குள் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்லைட் இன்னொன்று. பெசன்ட் நகர் கடற்கரையில் சூரியன் கடலில் இறங்குவதில்லை, ஊருக்குப் பின்னால்தான் இறங்குகிறது. அதனால் சாயங்காலம் கடலை முதுகுக்கு வைத்து ஆளை நிறுத்தினால் முகத்தில் வெயில் விழும், கடலோரம் நீங்கள் நின்றுகொண்டு ஊர்ப்பக்கம் பார்த்து எடுத்தால் ஆளுக்குப் பின்னால் வெயில். இந்த இரண்டாவது நிலையில் டோமை கேமராவை நோக்கிப் பிடித்து, பின்னாலிருந்து வரும் வெயில் டோமின் விளிம்பில் பட்டால் இன்னொரு கையால் அதை மட்டும் மறைத்து அளங்கள். முகத்துக்கு உண்மையில் கிடைப்பது வானத்திலிருந்தும் மணலிலிருந்தும் வரும் மெல்லிய வெளிச்சம், நமக்கு வேண்டியது அந்த அளவு. முகம் தெளிவாக வரும், பின்னால் வானம் வெளுக்கும். வானமும் கொஞ்சம் வேண்டும் என்றால் அதே இடத்தில் டோமை வெயிலை நோக்கித் திருப்பி இரண்டாவது அளவு எடுத்து இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். ஸ்லைடு ஃபிலிமில் எடுக்கும் பழைய ஆட்கள் பலர் இப்படித்தான் செய்வார்கள்.

விடியற்காலை காசிமேட்டில் மீன் ஏலத்தைப் படம் எடுக்கிறவர்கள், அல்லது மெரினாவில் சூரியன் வருவதற்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நம் ஊரில் விடியலும் அந்தியும் சட்டென்று முடிந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற கணக்கில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு முறை அளந்துவிட்டு நம்பி இருக்க முடியாது, ஒவ்வொரு படத்துக்கும் இல்லாவிட்டாலும் ஆளோ கோணமோ மாறும்போதெல்லாம் அளங்கள். விளக்கின் கீழ் ஏலம் நடக்கிறது என்றால் அந்த விளக்கின் கீழேயே கையை நீட்டி அளக்க வேண்டும், இங்கே மேலே சொன்ன வெயில் கணக்கு செல்லாது. விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும், அது இரண்டு முழு ஸ்டாப்.

கல்யாண மண்டபத்தில்

மீட்டர் தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், மணவறை விளக்குகளையெல்லாம் போடச் சொல்லி, பெண் உட்காரும் இடம், மாப்பிள்ளை உட்காரும் இடம், அப்பா அம்மா தாரை வார்க்க நிற்கும் இடம், உறவினர்கள் அட்சதையோடு நிற்கும் ஓரம், நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மூலை என்று ஒவ்வொன்றிலும் ஒரு அளவு எடுத்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாதஸ்வர மூலை எப்போதும் மணவறையைவிட இருட்டாகவே இருக்கிறது, எந்த மண்டபத்திலும் அந்தக் கலைஞர்களுக்கு யாரும் ஒரு விளக்கு வைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொண்டால் அவர்கள் முகமும் ஆல்பத்தில் வரும்.

வீடியோக்காரரின் விளக்கு அடுத்த விஷயம். அதைப் பிடிக்கும் தம்பியிடம் முன்கூட்டியே பேசி, விளக்கைப் போடச் சொல்லி ஒரு அளவும், அணைத்துவிட்டு ஒரு அளவும் எடுங்கள். அவர் நான்கு அடியில் நிற்கிறாரா எட்டு அடியில் நிற்கிறாரா என்பதில் அந்த விளக்கின் பங்கு இரண்டு ஸ்டாப் ஏறி இறங்கும், அதனால் சடங்கு நடக்கும்போது ஒரே இடத்தில் நிற்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுடைய வீடியோவுக்கும் அதுதான் நல்லது. இவ்வளவும் எதற்காக என்றால், கெட்டிமேளம் முழங்கும்போது யாரும் மீட்டரை எடுக்க முடியாது, கேமராவின் பின்திரையைப் பார்க்கவும் நேரம் இருக்காது. அந்தச் சில நொடிகளுக்கான எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர், அபெர்ச்சர் எண்கள், ஒரு மணி நேரம் முன்பே கேமராவில் ஏறியிருக்க வேண்டும். வேட்டியோ பட்டோ எது சட்டகத்துக்குள் வந்தாலும் எண்ணை மாற்றாதீர்கள்.

மண்டபத்து எல்இடி விளக்குகளில் பல, மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுத் துடிப்பு அடங்கும். 1/500க்குப் போனால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும், ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல் என்றும் வரும். மீட்டரிலும் அதே ஷட்டர் ஸ்பீடை வைத்தே அளங்கள். வீடியோ எடுக்கிறவர் விநாடிக்கு 25 ஃபிரேமில் 1/50 வைக்கிறார். 24 ஃபிரேமில் எடுக்கும் சினிமா கேமராவில் ஷட்டர் கோணத்தை 172.8 பாகை வைத்தால் அதே 1/50 கிடைக்கும்.

ஃப்ளாஷுக்கு

ஃப்ளாஷ் அளக்கும் வசதி எல்லா மீட்டரிலும் இல்லை, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரை கேபிள் இல்லாத ஃப்ளாஷ் மோடில் வைத்துப் பட்டனை அமுக்கினால் அது ஃப்ளாஷ் வெடிக்கும் வரை காத்திருக்கும், ஃப்ளாஷைத் தூண்டுவதற்குக் கையில் இருக்கும் ட்ரிக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எண் வந்துவிடும். ஷட்டரை உங்கள் கேமராவின் சிங்க் ஸ்பீடுக்குள் (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகம்) வையுங்கள், பல கேமராக்களுக்கு 1/200 அல்லது 1/250, பழைய துணி ஷட்டர் ஃபிலிம் கேமராக்களுக்கு 1/60. ஃப்ளாஷின் வெளிச்சம் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகவே இருப்பதால் ஷட்டரைக் கூட்டிக் குறைப்பது அதைப் பாதிக்காது, சுற்றியிருக்கும் விளக்கு வெளிச்சத்தைத்தான் மாற்றும். எச்எஸ்எஸ் என்ற அதிவேக முறையில் சாதாரண மீட்டர்கள் சரியாக அளப்பதில்லை, அதற்கென்று வந்த சில மாடல்களில்தான் முடியும்.

இரண்டு விளக்கு வைக்கும்போதுதான் டோமை விளக்கை நோக்கித் திருப்பும் வேலை வருகிறது. முதன்மை விளக்கான கீ லைட்டை மட்டும் போட்டு, டோமை அதை நோக்கித் திருப்பி அளங்கள், எஃப் 8 என்று வைத்துக்கொள்வோம். அதை அணைத்துவிட்டு, நிழலை நிரப்பும் ஃபில் லைட்டை மட்டும் போட்டு அதை நோக்கி அளங்கள். எஃப் 5.6 வந்தால் ஒரு ஸ்டாப் வித்தியாசம், இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். மென்மையான முகம் கிடைக்கும். எஃப் 4 வந்தால் இரண்டு ஸ்டாப், நான்குக்கு ஒன்று. முகத்துக்கு ஆழம் வரும். கடைசியில் எல்லா விளக்கையும் போட்டு, டோமை கேமராவை நோக்கித் திருப்பி எடுக்கும் அளவைத்தான் கேமராவில் வைக்க வேண்டும். டோமை உள்ளே இறக்கும் வசதி இருக்கும் மீட்டர்களில், தனித்தனி விளக்கை அளக்கும்போது அதை இறக்கிவிடுங்கள், பக்கத்து விளக்கின் கலப்படம் குறையும்.

பின்னாலிருந்து தலைமுடிக்கு அடிக்கும் விளக்கை மட்டும் மீட்டர் எண்ணை அப்படியே நம்பி வைக்காதீர்கள். நம்மவர்களின் முடி கறுப்பு, எண்ணெய் வைத்திருந்தால் கண்ணாடியாக மின்னும், வைக்காவிட்டால் வெளிச்சத்தை விழுங்கிவிடும். காய்ந்த முடிக்குக் கீ லைட்டைவிட அரை ஸ்டாப்பாவது கூட வேண்டியிருக்கும், எண்ணெய் முடிக்கு அரை ஸ்டாப் குறைவே போதும். மீட்டர் விழுவதை மட்டுமே சொல்லும் என்பதன் மறுபக்கம் இது. பளபளப்பை அது அறியாது.

தஞ்சாவூர் ஓவியத்தைப் படமெடுத்துத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதற்கும் மீட்டரே துணை. ஓவியம் தட்டையானது, அதனால் டோமை இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது மீட்டரோடு வந்த தட்டை வெள்ளைத் தட்டைப் பொருத்துங்கள். இருபுறமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, மீட்டரை ஓவியத்தின் மேலேயே வைத்து நான்கு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் அளங்கள், எண்கள் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் ஒத்துப்போகும் வரை விளக்கை நகர்த்துங்கள். தங்க ரேக்கின் கூசலைக் கொல்ல விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் (பளபளப்பைத் தடுக்கும் ஃபில்டர்) போட்டால் கண்ணாடியின் கூசல் போகும், கூடவே தங்கமும் செத்துக் கறுத்துவிடும், அதனால் முழுவதும் திருப்பாமல் பாதியில் நிறுத்துங்கள். போலரைசர் போட்டதற்காக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும், லென்ஸின் முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்று கையில் இருக்கும் மீட்டருக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மஞ்சள் ஃபில்டர் போட்டால் ஒரு ஸ்டாப், அடர் சிவப்பு என்றால் மூன்று. மேக்ரோவில், அதாவது மிக நெருக்கத்தில், பொருள் சென்சாரிலோ ஃபிலிமிலோ அதன் நிஜ அளவிலேயே விழும்படி எடுக்கும்போது இரண்டு ஸ்டாப்.

மலை, கோபுரத்தின் உச்சி, மேடையில் தூரத்தில் ஆடுகிறவர் என்று நெருங்கவே முடியாத, உங்கள் மேல் விழும் வெளிச்சமும் அதன் மேல் விழுவதும் வேறாக இருக்கிற இடத்தில்தான் ஸ்பாட் மீட்டர் தேவை. ஒரு பாகை கோணத்தில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் அளக்கும். அது காட்டும் எண் அந்த இடத்தை நடுச்சாம்பலாக்கும் எண் என்பதை மறக்காமல், மாநிற முகம் என்றால் அப்படியே, நன்றாகக் கருத்த முகம் என்றால் ஒரு ஸ்டாப் குறைத்து, வெள்ளை உடை என்றால் இரண்டு ஸ்டாப் கூட்டி வையுங்கள். ஃபோன் ஆப்களும் பெரும்பாலும் திரும்பி வரும் வெளிச்சத்தையே அளக்கின்றன. மீட்டர் வாங்கும் வரை ஆப்பை உங்கள் உள்ளங்கையை நோக்கிப் பிடித்து அளந்து, வரும் எண்ணிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்து எடுங்கள். உடம்பின் நிறம் எதுவானாலும் உள்ளங்கைகள் அவ்வளவாக மாறுவதில்லை, நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு.

பழைய மீட்டர் வாங்கும்போது

புதிது விலை அதிகம் என்பதால் பலரும் பழையதைத் தேடுகிறார்கள், தப்பில்லை. நல்ல வெயிலில், மேகம் இல்லாத நேரத்தில், ஐஎஸ்ஓ 100, 1/125 வைத்து டோமைச் சூரியனை நோக்கியே காட்டுங்கள், எஃப் 16க்குப் பக்கத்தில் வர வேண்டும். முள் வைத்த செலினியம் மீட்டர்களுக்குப் பேட்டரி வேண்டாம், ஆனால் அந்த செல் வயதாகித் தளர்ந்துவிடும், வெயிலில் சரியாகக் காட்டி வீட்டுக்குள் குறைத்துக் காட்டுவதும் உண்டு, இரண்டு இடத்திலும் சோதியுங்கள். செல்லை முழுக்க மூடினால் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கோசன் லூனாசிக்ஸ் மாதிரி மீட்டர்கள் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை, அந்தப் பேட்டரி இப்போது வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட்டைப் போட்டால் எண் தப்பாக வரும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்தலாம், காது கருவி விற்கும் கடைகளில் அது கிடைக்கிறது. பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வாங்க வேண்டாம்.

டோம் மஞ்சளாகியிருந்தாலும் கீறியிருந்தாலும் அளவு மாறும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் டோமைத் துடையுங்கள், ஸ்பிரிட் வேண்டாம். லென்ஸ் வைக்கும் சிலிக்கா ஜெல் டப்பாவிலேயே மீட்டரையும் வையுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மே மாத வெயிலில் காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

கையில் வந்ததும் ஒரு ரோலை இதற்காகவே ஒதுக்குங்கள். ஒரே ஆளை, ஒரே வெளிச்சத்தில், மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று. வெயில், நிழல், வீட்டு ஜன்னல், டியூப்லைட் என்று நான்கைந்து இடத்தில் இதையே செய்து எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். லேபில் கொடுக்கும்போது ஒவ்வொரு படத்தையும் தனியாகத் திருத்தாமல் முழு ரோலையும் ஒரே அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்று படமும் ஒரே மாதிரி திருத்தப்பட்டு வந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். ஸ்கேனைவிட நெகட்டிவ் இன்னும் நேர்மையாகச் சொல்லும்: கறுப்பு முடியும் அரக்குச் சேலையின் மடிப்பும் இருக்கும் இடங்களைப் பாருங்கள், அங்கே ஃபிலிம் வெறும் கண்ணாடியாகத் தெளிந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை, மெல்லிய விவரம் தெரிந்தால் சரி. எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைவாக வந்திருந்தால் மீட்டரின் கரெக்‌ஷன் அமைப்பில் அந்த வித்தியாசத்தை ஏற்றிவிடுங்கள், அந்த அமைப்பு இல்லாத பழைய மீட்டரில் ஐஎஸ்ஓவைப் பாதியாக வைத்தால் ஒரு ஸ்டாப் சரியாகிவிடும்.